தலைக்கு எலுமிச்சம்பழம்

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் எனக்குப் பூ வைத்து உறுதி செய்ய வருவதாக இருந்தார்கள். வியாழக்கிழமை நான் தலைமுடியைப் பழுப்பாக்கிக்கொள்ள மொட்டை மாடிக்கு ஏறினேன். இவ்வளவு குறைந்த நேரத்தில் ஒருத்தி தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள முடியுமா என்று கேட்டால், முடியும். எனக்கு மண்கூடத் தேவைப்படவில்லை. ஆறு எலுமிச்சம்பழம் போதுமாக இருந்தது.

மாப்பிள்ளை வீடு அவலூர்பேட்டை. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா கொண்டுவந்த சம்பந்தம். அவர் தங்கையைக் கட்டிக்கொடுத்திருப்பது மாப்பிள்ளை வீட்டுத் தெருவில்தான். இரண்டு மாதமாக மாப்பிள்ளையோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். எனக்குப் பிடித்திருந்தது. மறைப்பானேன், ரொம்பவே பிடித்திருந்தது. போட்டோவில் முடி லேசான பழுப்பில் மின்னினால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டேன். பார்லருக்குப் போகப் பயம்; கூட வேலை பார்க்கும் ஒருத்திக்குக் கெமிக்கல் போட்டு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியிருந்தது. அதனால் வீட்டிலேயே இயற்கையாக என்று ஒரு வீடியோவைத் தேடிப் பிடித்தேன்.

எலுமிச்சைச் சாறு, தேன், கெமோமில் என்று ஏதோ ஒரு பூவின் டீ. செஞ்சி பஜாரில் நாலு கடை ஏறி இறங்கியும் அந்தப் பூ கிடைக்கவில்லை. நாட்டு மருந்துக் கடைக்காரர் ஆவாரம்பூ இருக்குது, தரட்டுமா என்றார். கடைசியில் வீட்டு டீத்தூளையே கொதிக்கவைத்து ஊற்றிக்கொண்டேன். மருதாணியில் டீ டிகாஷன் கலப்பது முடி கறுப்பதற்கு என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. சாறு பிழிய நேரமில்லாமல் பழத்தைப் பாதியாக வெட்டி அப்படியே தலையில் தேய்த்தேன். வீடியோக்காரி ஒரு மணி நேரம் வெயிலில் உட்காரச் சொன்னாள். அவள் ஊர் வெயில் எப்படியோ தெரியாது. சித்திரை மாதத்தில், சுற்றிலும் பாறை காயும் எங்கள் ஊரில், வடாம் போடுகிறவர்கள்கூடப் பத்து மணிக்குள் கீழே ஓடிவிடுவார்கள். நான் பன்னிரண்டு மணிக்கு முடியை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காதில் இயர்போன். அது முடிக்குள் மறைந்திருந்தது. தோழி ஒருத்தி மறுமுனையில் ஏதோ சொல்ல, விழுந்து விழுந்து சிரித்தேன்.

பக்கத்து மாடியில் பெரியம்மா காயப்போட்ட கடலையைக் கிளற வந்திருந்தார். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரித்துத் தலையாட்டினேன். கடலையை அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போனார்.

எங்கள் பக்கத்தில் புத்தி பேதலித்தவர்களுக்குத்தான் தலையில் எலுமிச்சம்பழம் தேய்ப்பார்கள். பித்தம் தெளியும் என்பார்கள். யாராவது உளறினால், போய் எலுமிச்சம்பழம் தேய்ச்சிக் குளி என்று கிண்டல் செய்தே வளர்ந்தவள் நான். ஆனால் என் தலையில் நானே தேய்க்கும்போது அது நினைவுக்கு வரவேயில்லை. இங்கிலீஷில் ஒருத்தி சொன்னதும் அதே பழம் எனக்கு வேறு பழமாகிவிட்டது.

ரேஷன் கடைக்குப் போயிருந்த அம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். பெரியம்மா போன் செய்திருக்க வேண்டும். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். சின்ன வயதில், எண்ணெய் காணாத முடி செம்பட்டையாகிவிடும் என்று என்னைத் துரத்திப் பிடித்து எண்ணெய் வைத்தவள் அவள். ஆனால் திட்டவில்லை. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணுக்குள் பார்த்தாள்.

"ராத்திரில தூக்கம் வருதா உனக்கு? எத்தினி நாளா இப்பிடி இருக்குது?"

அவள் என்ன நினைத்துவிட்டாள் என்று அப்போதுதான் புரிந்தது. இயர்போனைக் கழற்றிக் காட்டினேன். வீடியோவை ஓட்டிக் காட்டினேன். முடி கலருக்கு, அவ்வளவுதான் என்றேன். அம்மா அந்தச் சுடுகிற தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

நான் தலையை அலசிவிட்டு வருவதற்குள் அவலூர்பேட்டையிலிருந்து போன் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். அந்தம்மா சுற்றி வளைக்கவில்லை. பொண்ணுக்கு எலுமிச்சம்பழம் தேய்க்கிறீங்களாமே என்றார். அம்மா கலர் விஷயத்தைப் பொறுமையாகச் சொன்னாள். அந்தம்மா நம்பிவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது. லேசாகச் சிரிக்கவும் செய்தார். பிறகு, ஒரு வார்த்தைக்குக் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் வீட்டில் யாருக்கும் அந்த மாதிரி இல்லையே என்றார்.

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டியதுதான். நான் அம்மாவைப் பார்த்து இல்லை என்று தலையைக்கூட ஆட்டிக் காட்டினேன்.

"எனக்கு இருந்துச்சி, அண்ணி," என்றாள் அம்மா. "இவ பொறந்த நாலாம் நாளு வந்துச்சி. ஏழு மாசம் இருந்துச்சி. அப்புறம் பாண்டில ஒரு டாக்டரு மாத்திரை குடுத்தாரு, சரியாப் பூடுச்சி."

இருபத்தாறு வருடம் அந்த வீட்டில் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறேன். நைனாவோ சொந்தக்காரர்களோ ஒரு நாள் வாய் தவறிக்கூட இதைச் சொன்னதில்லை. வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறோம் என்று அந்தம்மா வைத்துவிட்டார்.

எனக்கு முதலில் வந்தது இரக்கம் என்று எழுத ஆசைதான். வந்தது கோபம். இத்தனை வருஷம் மூடி வைத்ததை இன்றைக்கா சொல்ல வேண்டும், என் வாழ்க்கைதான் கிடைத்ததா என்று கத்தினேன். அம்மா நான் கத்தி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"நாளைக்கி நீயும் ஒரு புள்ள பெத்துப்ப," என்றாள். "உனக்கும் வந்தா இன்னாதுன்னு அவுங்களுக்குத் தெரியணும். எனக்கு வந்தப்போ யாருக்கும் தெரியல. பேய் புடிச்சிருக்குதுன்னாங்க. டெய்லி எலுமிச்சம்பழத்தத் தேய்ச்சி வெயில்ல உக்கார வச்சாங்க. உன்ன மட்டும் என் கைல குடுக்கல. கொன்னுடுவேன்னு பயந்தாங்க. பக்கத்து ரூம்புல நீ அழுவ. எனக்குப் பால் கட்டிக்கும்."

என் முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கவும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. மாப்பிள்ளை ஒரு வாரம் கழித்து, வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்று மெசேஜ் போட்டார். நான் அழுதேன். முடியும் பழுப்பாகவில்லை, நெற்றியோரத்தில் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

அம்மாவைக் கர்வம் பிடித்தவள் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளியே நிற்பாள். தானாகப் போய் எந்தக் குழந்தையையும் தூக்கியதில்லை. பெற்றவளே எடுத்து நீட்டினால்தான் வாங்குவாள். அப்போதும், எங்கிட்ட குடுக்கலாமா என்று ஒரு தடவை கேட்பாள். இவளுக்கு ஏன் இத்தனை பிகு என்று நானே பலமுறை அவளைக் கடிந்திருக்கிறேன்.