நோர்மாவின் நடுங்கும் கிட்டார்

கிரிம்ஸ்பி துறைமுகத்தில் ஹாடக் மீனை முள் நீக்கித் துண்டு போடுவதில் நோர்மா எல்லர்பியை மிஞ்ச ஆளில்லை. சனிக்கிழமை சாயங்காலமானால் அதே கைகளில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக்கொண்டு கிளப்பில் கிட்டார் வாசிக்கப் போய்விடுவாள். 1964-ல் அந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு ராக் குழுவின் மேல்தான் விழவேண்டும். அத்தனையிலும் கிட்டார் பிடித்த ஒரே பெண்பிள்ளை அவள்தான்.

அந்த அக்டோபரில் அவளுக்கு ஆறு மாதம். கணவன் வால்ட்டர் ஐஸ்லாந்துப் பக்கம் மீன்பிடிக் கப்பலில் இருந்தான். விஷயம் தெரிந்தால் கிளப்காரர்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தொளதொள கவுனையும் அண்டா போன்ற பெரிய கிட்டாரையும் வைத்து வயிற்றை மறைத்தாள். மீன் கொட்டகைப் பெண்களுக்கும் டிரம் அடிக்கும் ஆல்ஃபுக்கும் மட்டும்தான் தெரியும்.

வயிறு ஏற ஏறக் கிட்டாரும் ஏறியது. டிசம்பரில் அது மோவாயைத் தொட்டது. நிற்கவேண்டுமே என்று அவள் பின்னால் சாய்ந்தாள். ஆல்ஃப் பெரிய டிரம்மை அடிக்கும்போதெல்லாம் உள்ளே இருந்தவன் உதைத்தான். கிட்டார் துள்ளியது, ஸ்வரம் தண்ணீரில் விழுந்த நிலாவைப் போல நடுங்கியது. முன்வரிசை வாலிபர்கள் வாயைப் பிளந்தார்கள்.

அவர்களில் மால்கம் பெட்டிஃபர் என்பவன் ஐஸ் கிடங்குக் குமாஸ்தா; சொந்தக் குழு வைத்திருந்தான். அந்த நடுக்கம் விரலிலிருந்து வருகிறதா, கம்பியிலிருந்தா என்று பணிவாகக் கேட்டான்.

“அது உள்ளேருந்து வரணும், கண்ணு” என்றாள் நோர்மா, முகம் மாறாமல். ஆல்ஃப் திருகாணி தேடுகிறவன்போல டிரம்முக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

மால்கம் ஒரு வாரம் பீரை விட்டான். வேலை முடிந்ததும் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே கண்ணை மூடி உட்கார்ந்து உள்ளே தேடினான். சளிதான் வந்தது. கடைசியில் வயிற்றை வெடுக்கென்று முன்னே தள்ளினால் கிட்டார் துள்ளும் என்று கண்டுபிடித்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். கிறிஸ்துமஸுக்குள் ஊரில் நாலு குழுக்கள் மோவாய்க்குக் கீழே கிட்டாரும் முன்னால் தள்ளிய வயிறுமாக நின்றன. முதுகு பிடித்துக்கொண்டு வந்த ஒருவனை, ஐஸ் கட்டி தூக்குகிறாயா என்று டாக்டர் விசாரித்தார்.

ஜனவரியில் நோர்மாவுக்கு நாலு கிலோவில் பெர்சி பிறந்தான். மார்ச்சில் அவள் மேடைக்குத் திரும்பியபோது கிட்டார் இடுப்பில் இருந்தது. ஸ்வரம் துளிகூட அசையவில்லை. இடைவேளையில் மால்கம் மனமுடைந்து வந்தான்.

“பழைய வாசிப்பு எங்க போச்சு, மிஸஸ் எல்லர்பி? உங்களப் பாத்துத்தானே நாங்க கத்துக்கிட்டோம்?”

அவள் அவனைப் பின்னறைக்குக் கூட்டிப்போய், தள்ளுவண்டியின் போர்வையை விலக்கினாள்.

“இதோ தூங்குறாரு. வாசிச்சதெல்லாம் இவருதான். நான் சும்மா கூட நின்னேன்.”

மால்கம் குழந்தையைப் பார்த்தான். பிறகு தன் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டான். ஆனால் ‘நடுங்கும் கிட்டார் மன்னன்’ என்று அவன் பேரில் சுவரொட்டி ஊரெல்லாம் ஒட்டியாகிவிட்டது. போதாக்குறைக்கு உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று, இந்தப் பாணியே மால்கம் கண்டுபிடித்தது, நோர்மா கொஞ்சகாலம் காப்பியடித்துப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டாள் என்று எழுதியது. கரைக்கு வந்திருந்த வால்ட்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிளம்பினான். முதலில் தட்டிலிருக்கும் மீனைச் சாப்பிடு என்று நோர்மா அவனை உட்காரவைத்தாள். அவளுக்கும் சுருக்கென்றுதான் இருந்தது.

அடுத்த வாரம் மால்கமின் கச்சேரிக்கு மீன் கொட்டகைப் பெண்கள் எட்டுப் பேரோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். மடியில் பெர்சி. மால்கம் கிட்டாரை மோவாய்க்கு ஏற்றி, பின்னால் சாய்ந்து, வயிற்றைத் தள்ளினான். எட்டுப் பேரில் மூத்தவளான எட்னா வாயருகே கையைக் குவித்தாள்.

“எத்தனை மாசம், கண்ணு?”

கூடம் குலுங்கியது. மால்கமுக்குக் காதுவரை சிவந்தது. ஆனாலும் நல்ல பையன். வாசிப்பை நிறுத்தி, மைக்கருகே வந்தான்.

“எனக்குத் தெரியல. அந்தம்மாவத்தான் கேக்கணும். எல்லாம் அவங்க குடுத்ததுதான்” என்று நோர்மாவைக் காட்டினான்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நோர்மா பிள்ளையை எட்னாவிடம் கொடுத்துவிட்டு மேடையேறி, இரவல் கிட்டார் ஒன்றை இடுப்பில் மாட்டினாள். மால்கமும் தன்னுடையதை இடுப்புக்கு இறக்கினான். மூன்று மாதத்தில் முதல்முறையாக அவன் முதுகு நிமிர்ந்தது. இருவரும் வாசித்தார்கள், நடுக்கமில்லாமல்.