வெறும் படபடப்புதானாம்!

போன வாரம் என் வீட்டுக்காரர் என் முன்னாலேயே ஒரு பொய் சொன்னார். பொய் என்றும் அடித்துச் சொல்ல முடியாது... கேளுங்கள்.

பெர்த் நகரத்தில் இருக்கும் மகளுக்கு இது முதல் பிரசவம். நாங்கள் இருவரும் போகிறோம். டிக்கெட் போட்டாயிற்று, பயணக் காப்புறுதி, அதான் இன்சூரன்ஸ், அதுதான் பாக்கி.

என் இதயத்தின் சேட்டை உங்களில் பலருக்குத் தெரியும். ஒழுங்காகத் துடித்துக்கொண்டே இருக்கும்; திடீரென்று தாளம் தப்பி இஷ்டத்துக்குக் குதிக்கும். இரண்டு வருஷமாக மாத்திரை. ‘விமானத்தில் போகலாம்’ என்று டாக்டர் கடிதமே கொடுத்துவிட்டார்.

எங்கள் ஊர் ஆயர் ஈத்தாம் மார்க்கெட் பக்கத்தில் ஒரு காப்புறுதி அலுவலகம். கவுண்டரில் நம் தமிழ்ப் பெண்.

“ஆன்ட்டிக்கு ஏதும் சிக்னஸ் இருக்கா?”

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். “அதெல்லாம் ஒன்னும் இல்லலா. சும்மா கொஞ்சம் படபடப்பு வரும், அவ்ளோதான்.”

“ஓ... ஃப்ளைட் ஏற பயமா ஆன்ட்டி?” சிரித்துக்கொண்டே ‘நோய் இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

நம் தமிழைப் பாருங்கள்! பயந்தாலும் படபடப்பு, இதயம் தாளம் தப்பினாலும் படபடப்பு. இந்த மனுஷனுக்கு ஒளிந்துகொள்ள வாகான ஒரு வார்த்தை!

முறைத்தேன். மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்துக் காதில் கிசுகிசுத்தார். அவர் கை சில்லென்று இருந்தது.

“சொன்னா இன்சூரன்ஸ் குடுக்க மாட்டாங்க, லூர்து. அப்புறம் நீ எப்படி பிள்ளையப் போய்ப் பார்ப்ப?”

கோபம் வரவேண்டிய நேரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

“மறைச்சிட்டுப் போயி, அங்க எனக்கு ஏதாச்சும் ஆனா? பச்சைப் பிள்ளைய கையில வெச்சுக்கிட்டு அவ ஆஸ்பத்திரி பில்லுக்கு அலையணுமா?”

டாக்டர் கடிதத்தை நானே கவுண்டரில் நீட்டினேன். “தங்கச்சி, அந்த டிக்கை அழிச்சிரும்மா. இது ஹார்ட் பிரச்சினை.”

அவள் படித்தாள். யாருக்கோ போன் போட்டாள். அந்தப் பத்து நிமிஷமும் இவர் என் கையை விடவே இல்லை.

“ஹார்ட்டுக்கும் சேர்த்தே கவர் கிடைக்கும் ஆன்ட்டி. கொஞ்சம் கூடக் கட்டணும்லா, பரவாயில்லையா?”

பரவாயில்லையாவா! எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. இவர் கர்சீப்பை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். வியர்வையாம்... ஏர்கான் அறையில்!

அடுத்தது அவருடைய ஃபாரம். “அங்கிளுக்கு ஏதும் சிக்னஸ்?”

“எனக்கும் படபடப்புதான்மா,” என்றார். “இவளுக்கு ஏதும் ஆயிருமோன்னு.”

எந்தக் கட்டத்தில் டிக் போடுவாள், பாவம்!