மரையில் சுற்றிய டேப்

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்திலிருந்து கிளம்பி அரை மணித்தியாலம் ஆகியும், எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி அடிக்கோட்டை விட்டு எழும்பவில்லை. முதலில் அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சூட்டை அளக்கும் சென்சரை முந்தின நாள் பின்னேரம் மாற்றியவள் நான்.

கார் என்னைவிட மூத்தது. அப்பா அதில் வாடகைக்கு ஆட்களை ஏற்றித்தான் ஹயர் ஓடுகிறார். எஞ்சின் போனால் எங்களுக்கு வேறு வழியில்லை.

சென்சர் வந்த பெட்டிக்குள் ஆங்கிலத்தில் ஒரு தாள் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து டீச்சரான முதல் ஆள் நான். வங்கிக் கடிதமோ கிளினிக் கொப்பியோ, வாசிக்க என் கைக்குத்தான் வரும். அப்பா பொனட்டைப் பிடித்தபடி நிற்க, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். மின்சாரம் பற்றிய நீண்ட வரி ஒன்று விளங்கவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. தாண்டிப் போனேன். தண்ணீர் கசியாமல் இருக்கட்டும் என்று, குழாய்களுக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை சென்சரின் திருகு வரியான மரையில் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கினேன்.

"இனி எஞ்சின் சுடுதோ எண்டு மணந்து பாக்கத் தேவையில்ல அப்பா. ஊசியப் பாத்து ஓடுங்கோ."

ஊசி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க நானும் முன் சீட்டில் ஏறியிருந்தேன். பின் சீட்டில் கிண்ணியாப் புடவைக்கடை முதலாளி. கந்தளாய்க்குச் சரக்குப் பார்க்கப் போகிறார். முன்னால் எட்டி ஊசியைப் பார்த்தார்.

"அண்ணன், இது காரா, ஐஸ் பெட்டியா?"

"மகள்தான் மாத்தினவ, முதலாளி."

"அதுதானே பாத்தன். டீச்சரக் கண்ட பொடியன் மாதிரி அடங்கிக் கிடக்குது!"

தம்பலகாமம் கடக்கும்போது கால்மாட்டில் சூடு ஏறியது. கருகின இனிப்பைப் போல ஒரு மணம். அப்பா மூக்கை உறிஞ்சினார். ஊசியைப் பார்த்தார், பிறகு என்னை.

"சரிதானே பிள்ளை?"

"ஓம்" என்றேன். அப்படிச் சொல்லிக்கொண்டே கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். தாண்டிப் போன வரியை மெதுவாக, சொல் சொல்லாக வாசித்தேன். சென்சருக்கு வரும் மின்சாரம் மரை வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகும். ஆகவே மரையில் டேப் சுற்ற வேண்டாம்.

முன்னால் யானை கடக்கிற காட்டுத் துண்டு. அதற்குள் நின்றால் இறங்க ஏலாது. சொன்னால் முதலாளிக்கு முன்னால் சொல்லவேண்டும். என் வாய் இன்னும் ஒரு வளைவுவரை மூடியே இருந்தது.

"அப்பா, நிப்பாட்டுங்கோ. ஊசி பொய். நான்தான் பிழை விட்டனான்."

வயல் ஓரம் நிறுத்தினார். பொனட்டைத் திறந்ததும் முகத்தில் வெக்கை அடித்தது. எஞ்சினை நிறுத்தி, சாவியைப் போட்ட நிலையிலேயே விடச் சொன்னேன். டேப் மறித்த மின்சாரத்துக்கு வழியாக, ஒரு ஸ்பானரின் தலையைச் சென்சரின் பித்தளையிலும் வாலை எஞ்சின் இரும்பிலும் முட்ட வைத்தேன்.

"முதலாளி, ஊசி எங்க நிக்குது?"

"ஏறுது மகள்... ஏறுது... அல்லாஹ், சிவப்பையும் தாண்டிட்டுது!"

 

எஞ்சின் ஆறும்வரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றோம். முதலாளி பஸ்ஸில் போயிருக்கலாம், போகவில்லை. "என்ன பிழை அண்ணன்?" என்று கேட்டார்.

"வயர்" என்றார் அப்பா.

"வயர் இல்ல" என்றேன். "தாள்ல ஒரு வரி விளங்கேல்ல. விளங்கேல்ல எண்டு அப்பாட்டச் சொல்லாம விட்டனான்."

அப்பா குனிந்து ரேடியேட்டரைப் பார்த்தபடி கேட்டார்: "சொன்னா நான் என்ன, உன்னப் பள்ளிக்கூடத்தால மறிச்சிருப்பனோ?"

சென்சரைக் கழற்றி டேப்பைச் சுரண்டினேன். மரையைச் சேலைத் தலைப்பால் துடைத்து வெறுமனே இறுக்கினேன். சென்சர் மாற்றும்போது வடிந்ததற்கு முந்தின நாள் நான் ஊற்றிய தண்ணீர் போதாமல் உள்ளே காற்று அடைபட்டிருந்தது. குமிழி நிற்கும்வரை அப்பா மெதுமெதுவாக ஊற்றினார்.

முதல் தடவை எஞ்சின் இருமிவிட்டு நின்றது. இரண்டாம் தடவையும் அப்படியே. அப்பா என்னைப் பார்க்காமல் சாவியை மூன்றாம் தடவை திருப்பினார். பிடித்தது. ஒரு பக்கம் தட்டுகிற சத்தம் கொஞ்சம் கேட்டு, பிறகு அடங்கியது.

"தப்பிட்டுது" என்றார்.

காட்டுத் துண்டுக்குள் மெதுவாகவே ஓடினோம். ஊசி எழும்பி நடுவில் வந்து நின்றது.