தலைவருக்கு ஒரு தனிப் பிரதி

என் அண்ணன் முப்பது வருடம் பைண்டராக இருந்தவர். மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசையின் நாற்றம் அவர் சட்டையை விட்டுப் போனதே இல்லை. அண்ணி அதைத் தனியாகத்தான் துவைப்பாள்.

ஒரு ஜீவகாருண்ய சங்கத்தின் தலைவர், தான் எழுதிய தடித்த புத்தகத்தை எங்கள் பட்டறைக்கு அனுப்பினார். கொல்லாமையின் வரலாறு. கட்டுகிற புத்தகத்தை எந்த பைண்டராவது படிப்பானா? அண்ணன் படித்தார். அச்சான தாள்களைப் பதினாறு பக்கம் ஒரு பாரம் என்று பாரம் பாரமாக மடிக்கும்போதே படித்தார். தேனைத் தொடாத சமணத் துறவிகள், பட்டும் தோல் செருப்பும் பாலும் வேண்டாமென்ற பௌத்தத் துறவிகள், பால் கன்றுக்குத்தான் என்று பாடிய பார்வையற்ற அரபுக் கவிஞர். ஆறாவது பாரத்தோடு கறியை விட்டார். ஒன்பதாவதில் பால் போயிற்று.

"இந்த வயசுல இது என்ன கூத்து?" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

வெளியீட்டு மேடையில் தலைவர் கையில் வைத்திருக்க ஒரு பிரதி மட்டும் கன்றுத்தோல் அட்டையில் கேட்டிருந்தார்கள். அண்ணன் யாரிடமும் சொல்லாமல் அதற்குத் துணி அட்டை போட்டு, மைதாப் பசையால் ஒட்டினார். தலைவர் மகிழ்ந்துபோவார் என்று நம்பினார், வெகுளி மனிதர்.

தலைவர் பட்டறைக்கு வந்து புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தோல் எங்கப்பா?"

"தோலும் கூடாதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க ஐயா."

"அது துறவிங்களுக்கு. உன்னை யாரு படிக்கச் சொன்னா?"

தலைவர் முறையிட, முதலாளி அன்றைக்கே அண்ணனை வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஐம்பத்தெட்டு வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்? எறும்புக்கும் இரங்கச் சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதியவருக்கு ஒரு மனிதனின் வயிற்றில் அடிப்பது உறுத்தவில்லை. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

எரிந்து என்ன கிழித்தேன்? நானும் அதே பட்டறையில்தான் பைண்டர். மறுநாள் காலை முதலாளி கன்றுத்தோலை என் மேசையில் போட்டார். பிள்ளைகளை நினைத்துக்கொண்டு வாயை மூடி வேலையை முடித்தேன்.

மறைக்க மனம் வரவில்லை. திட்டு வாங்கலாம் என்றே அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

"அந்தப் புத்தகத்துக்குத் தோல் போட்டது நான்தாண்ணே."

அண்ணன் திட்டவில்லை. "சுருக்கம் விழாம ஒட்டுச்சா?" என்று கேட்டார்.

"ஒட்டுச்சுண்ணே."

"பால் மறக்காத பச்சைக் கன்னோட தோலுடா. நல்லாத்தான் ஒட்டும்."