லயத்துக்கு வாசித்தவள்

இலங்கையில் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே உள்ள அந்த ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், சிங்களத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்கக் கோகிலாவை விட்டால் ஆளில்லை. பேச்சு என்றால் எல்லாரும் புலிகள்தான். கடையில் பேரம் பேசுவார்கள், பஸ் கண்டக்டரோடு மல்லுக்கு நிற்பார்கள். எழுத்தைக் கண்டால் மட்டும் கையைப் பிசைவார்கள். தோட்ட ஆபீஸோ எல்லாவற்றையும் சிங்களத்திலேயே போனுக்கு அனுப்பிவிடும்.

கொரோனாக் காலத்தில் பாடம் படிக்க வாங்கிய போன் அவளிடம் இருந்தது. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போக லயம் விடவில்லை. எந்த மலையில் ரப்பர்ப் பால் வெட்டு, எப்போது கிளினிக் என்று யாருக்கு எது வந்தாலும் படமாக அவளுக்குப் போகும். அவளும் போனைச் சட்டை மடிப்பில் மறைத்து, மேசைக்கடியில் பதில் தட்டுவாள். பிள்ளை படிக்கிற நேரமாச்சே என்று ஒருவருக்காவது தோன்ற வேண்டுமே! அவளுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. "நம்ம கிளாக்கரம்மா" என்று லயமே கூப்பிட்டால் எந்தப் பிள்ளைக்குத்தான் தலை கனக்காது?

ஒருநாள் கணிதப் பாடத்தில் அன்னலட்சுமி டீச்சரிடம் அகப்பட்டுக்கொண்டாள்.

"எந்தப் பையனோட பேசுற? குடு இங்க!"

திரையில் பையன் இல்லை. பக்கத்து வீட்டு மருதாயியின் மருந்துத் துண்டு இருந்தது. கீழே ஒரு கேள்வி: 'இந்த வெள்ளைக் குளிசைய சாப்பிட்டுட்டுப் போடணுமா புள்ள?' டீச்சர் போனைத் திருப்பிக் கொடுத்தார். மாலையில் தாய் கிருஷ்ணகுமாரியை வரச் சொன்னார்.

"கணக்குல அடியே விளங்காம இருக்கா. இப்பிடியே போனா தவறிடுவாம்மா."

"என்னங்க டீச்சர், வெளையாட்டுக்கா செய்யுறா? நாலு சனத்துக்கு ஒத்தாசை. அதெல்லாம் எம்புள்ள சமாளிச்சிடுவா."

சமாளிக்கவில்லை. பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் சிங்களத்துக்கு ஏ, கணிதத்துக்குத் தவறியவர்களுக்குரிய டபிள்யூ. மறுபடி எழுதினாள், மறுபடியும் டபிள்யூ. வகுப்பில் உட்கார்ந்திருந்தும் கேட்காமல் விட்ட பாடத்தை எங்கே போய்த் தேடுவாள்? கடைசியில் தாயோடு பால் வெட்டப் பேர் பதிந்தாள். விடியற்காலையில் கத்தியும் வாளியுமாக இறங்கும்போதும் சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டுதான் இருந்தது.

போன மாதம் மருதாயி ஓர் அறிவித்தலை அனுப்பினாள். "பெரிய எழுத்தா இருக்கே புள்ள, என்னன்னு பாரு."

கோகிலா மரத்தடியில் நின்று வாசித்தாள். தோட்ட ஆபீஸுக்கு ஓர் உதவிக் கிளாக்கர் தேவை. ஆபீஸ் அறிவித்தல்களைத் தொழிலாளருக்குத் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டும். சாதாரண தரத்தில் கணிதச் சித்தி, அதாவது தேர்ச்சி, கட்டாயம்.

கையில் ஒட்டியிருந்த பாலைத் துடைத்துவிட்டு, ஒரு சொல் விடாமல் தமிழில் தட்டி அனுப்பினாள். கணிதம் என்ற சொல்லையும் விடவில்லை.

பதில் உடனே குரலாக வந்தது. மருதாயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நல்ல சேதி சொன்ன புள்ள! எங்க நிலுஷா கணக்குல பாஸ்தானே. அவ விண்ணப்பத்த நீயே சிங்களத்துல எழுதிக் குடுத்துடு, என்ன? அந்த விளக்கிச் சொல்ற வேலையையும் கொஞ்சம் பழக்கிவிடு."

நிலுஷா மருதாயியின் மகள். வகுப்பில் கோகிலாவுக்குப் பக்கத்து நாற்காலி, அதே சிங்களப் பாடம். தாய்க்கு வந்த ஒரு காகிதத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. கோகிலா வியப்போடு கேட்டாள்.

"பெரியம்மா, அப்ப இதெல்லாம் நீங்க நிலுஷாவுக்கு ஏன் அனுப்பல?"

"அவ படிக்கிற புள்ளையாச்சே," என்றாள் மருதாயி. "கிளாஸ் நேரத்துல தொந்தரவு பண்ணலாமா?"

அன்று மாலை கோகிலா விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தாள். ஒரு பிழையும் இல்லை.