மிஸஸ் ஹான் கேட்ட தேதி

மிஸஸ் ஹான் சோற்றுக் கிண்ணத்தைத் தூக்கி மகன்மேல் எறிந்தபோது, நான் அடுப்படியில் அவளுடைய மாத்திரைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். கிண்ணம் அவன் தோளில் பட்டுச் சுவரில் மோதியது. எண்பத்தெட்டு வயது, இரண்டு முட்டியும் தேய்ந்தவள். முதலில் அவளைப் பிடித்து உட்கார வைத்தேன். பிறகு சோற்றைக் கூட்டினேன். விழுந்தால் இடுப்பு உடையும். கோபத்தை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில் என் மகன் வீட்டோடு இருக்கிறேன். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி முடித்து, சான்றிதழ் வாங்கி, வாரத்தில் சில நாள் வேலைக்குப் போகிறேன். மிஸஸ் ஹானை அதற்கு முன்பே தெரியும். பக்கத்தில் எடிசனில் டிரை கிளீனிங் கடை வைத்திருந்த கொரியக்காரி. தீபாவளிக்கு முன்னால் நம்மவர்கள் பட்டுப்புடவைகளோடு அங்கே வரிசையில் நிற்பார்கள்.

"ஷ்யாமா, உங்க ஆளுங்களுக்குப் பட்டு உடுத்தத் தெரியுது, சாப்பிடத் தெரியலை. எல்லாப் புடவையிலும் சாம்பார்," என்பாள். நாங்கள் பேசுவது இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத அரைகுறை ஆங்கிலம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அன்றைக்கு நடந்தது இதுதான். கொரியர்கள் செத்தவர்களுக்கு, அவர்கள் இறந்த நாளில் சோறு, சூப், மீன், பழம் எல்லாம் மேசையில் வைத்துக் கும்பிடுவார்கள். பெயரை ஒரு தாளில் எழுதி மேசையில் நிறுத்தி, முடிந்ததும் எரித்துவிடுவார்கள். இறந்த தேதி தெரியாதவர்களுக்கு அவர்கள் பஞ்சாங்கத்தில் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள். நம் வீடுகளில் திதி தெரியாவிட்டால் மகாளய அமாவாசையில் கொடுப்பதில்லையா, அப்படித்தான். மிஸஸ் ஹானின் அம்மாவுக்கு அந்த நாள்தான் வழக்கம். இந்த வருஷம் மகன் டேனியல் இன்னொரு கிண்ணத்தையும் இன்னொரு பெயரையும் சேர்த்து வைத்துவிட்டான். மிஸஸ் ஹானின் தங்கை சுன்-இம் பெயர்.

"எண்பது வயசு ஆகப்போகுது, ஆன்ட்டி. அந்த நாட்டுல அவ்வளவு நாள் யார் இருப்பா? அம்மா நிம்மதியா இருக்கட்டும்னு செஞ்சேன்," என்றான் சட்டையைத் துடைத்துக்கொண்டே. எடிசன் பள்ளிக்கூடத்தில் இந்தியப் பையன்களோடு படித்தவன். என்னை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவான்.

"செத்துட்டான்னு உனக்கு எவன் சொன்னான்?" என்றாள் மிஸஸ் ஹான். "கடையில யாரும் கேட்டு வராத கோட்டுகளைக்கூட வருஷக்கணக்கா மாட்டி வச்சிருந்தேன். நீ என் தங்கச்சியைத் தூக்கிக் குப்பையில போடறே."

அவன் போன பிறகு எனக்கு முழுக்கதையும் கிடைத்தது. கால் பிடித்துவிடும்போதுதான் பேசுவாள்.

ஹேஜு அவள் ஊர். இப்போது வட கொரியாவில் இருக்கிறது. கொரியச் சண்டையில் இரண்டாவது குளிர்காலம், அப்பாவும் அண்ணனும் அவளும் படகேறித் தெற்கே வந்தார்கள். தங்கைக்கு அம்மை போட்டிருந்ததால் அம்மா அவளோடு வீட்டில் தங்கிவிட்டாள். சில நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்பினார்கள். நடுவில் கம்பிவேலி வந்தது. அப்பா செத்துப்போனார். வட கொரியாவில் இருக்கும் உறவினரைப் பார்க்கத் தென் கொரிய அரசு குலுக்கலில் ஆள் எடுத்தபோது அண்ணன் பெயர் கொடுத்தான். பெயர் விழாமலே சியோலில் செத்தான். அதன் பிறகுதான் அம்மாவுக்குச் சோறு வைக்கும் பொறுப்பை இவள் எடுத்துக்கொண்டாள்.

"நீங்களும் பேர் குடுத்திருக்கலாமே?"

"குடுத்தேன். நீ அமெரிக்காக்காரி, உங்க அரசாங்கத்தைக் கேளுன்னாங்க. இங்கே கேட்டேன். அது தென் கொரியா நடத்தற விஷயம்னாங்க. சரி, நானே போறேன்னா, அமெரிக்க பாஸ்போர்ட்ல அங்கே போகக் கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க. வடக்கே எழுதினா பதிலே இல்லை."

எனக்கு அப்போதுதான் ரத்தம் கொதித்தது. நர்ஸிங் ஹோமில் வேலை பார்த்திருக்கிறேன். படுக்கை நனைந்திருக்கும். காலை ஷிஃப்ட் மதிய ஷிஃப்டைக் கைகாட்டும், மதியம் இரவைக் காட்டும். கிழவி ஈரத்திலேயே கிடப்பாள். அங்கே கத்தினால் ஒரு சூப்பர்வைசராவது வருவாள். இங்கே மூன்று அரசாங்கம், ஏவுகணை பற்றியும் ராணுவப் பயிற்சி பற்றியும் ஓயாமல் பேசும் மூன்று அரசாங்கம், இவளைப் பொறுத்தவரை ஊமை.

"தங்கச்சியைப் பார்க்கணும்னு அவ்வளவு ஆசையா?" என்று கேட்டேன்.

காலை இழுத்துக்கொண்டாள். "ஆசை என்ன ஆசை. அஞ்சு வயசுல பார்த்தது. எதிர்ல வந்தா அடையாளம் தெரியாது. எனக்கு வேண்டியது ஒரு தேதி. எங்கம்மா எந்த நாள் செத்தா? கூட இருந்தவ அவ ஒருத்திதான். அவளும் செத்துட்டான்னு இவன் பேர் எழுதி வைக்கிறான். அப்புறம் நான் யாரைக் கேக்கறது?"

அவள் காலை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அந்த மாதமே டேனியல் ஒரு தொண்டு அமைப்பிலிருந்து ஒரு பெண்ணை அழைத்து வந்தான். கிண்ணத்துக்குப் பரிகாரம் என்று நினைத்தானோ என்னவோ. கிரேஸ் என்று பெயர், இங்கேயே பிறந்த கொரியப் பெண். வடக்கே உறவினர் இருக்கும் கிழவர்களை வீடியோவில் பேசச் சொல்லிப் பதிவு பண்ணுகிறார்கள். என்றைக்காவது வடக்கு வாங்கிக்கொண்டால் கொடுப்பார்களாம். நான் மிஸஸ் ஹானுக்குத் தலை சீவி, நல்ல நீலச் சட்டை போட்டு, முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார வைத்தேன்.

கிரேஸ் மரியாதையான பெண்தான். ஆனால் நிபந்தனைகள் வைத்திருந்தாள். அரசியல் கூடாது. இங்கே வசதியாக இருக்கிறேன் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. முக்கியமாக, கேள்வி கேட்கக் கூடாது.

"அம்மா எப்போ செத்தான்னு கேக்கக் கூடாதா?" என்றாள் மிஸஸ் ஹான்.

"கூடாது, பாட்டி. தொண்ணூறுகள்ல அங்கே பஞ்சம். எப்போ செத்தாங்கன்னு கேட்டா, பட்டினியில செத்தாங்களான்னு கேக்கற மாதிரி ஆயிடும். பார்க்கிற அதிகாரி சந்தேகப்படுவான். தங்கச்சிக்குத்தான் கஷ்டம்."

"என் அம்மாவோட சாவு அரசாங்க ரகசியமா?"

டேனியல், "அம்மா, சும்மா நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு விடுங்க," என்றான்.

"நீ வாயை மூடு. இன்னொரு கிண்ணம் அடுப்படியில இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிஸஸ் ஹான் சிரிக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். தங்கைக்குக் கஷ்டம் என்ற பேச்சு அவளை அடக்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு கேமராவை ஆரம்பிக்கச் சொன்னாள்.

கொரிய மொழியில் பேசினாள். டேனியல் என் பக்கத்தில் நின்று மெதுவாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தான்.

"சுன்-இம், நான் உன் அக்கா. அப்பாவும் அண்ணனும் போயிட்டாங்க. எனக்கு ஒரு பையன், நல்லவன், கொஞ்சம் அவசரக்காரன். ஒவ்வொரு வருஷமும் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் அம்மாவுக்குச் சோறு வைக்கிறேன். மீனும் வைக்கிறேன், அவளுக்குப் பிடிச்சது. நீ வேற நாள்ல வைப்பே."

அந்த இடத்தில் டேனியல் நிறுத்திவிட்டான். "வேற நாள்ல" என்று ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தான். கிரேஸுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கேள்வி எதுவும் வரவில்லையே என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு உறைத்தது. மகாளய அமாவாசையில் கொடுக்கிறேன் என்று ஒருத்தி சொன்னால், திதி தெரியாது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா? சோறு வைக்கும் வீட்டில் பிறந்த எந்தக் கொரியக்காரிக்கும் அது கேள்விதான்.

பேசி முடித்ததும் மிஸஸ் ஹான் கேமராவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரில் இருப்பவர் பேசும்போது தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்போமே, அப்படி. கிரேஸ் நிறுத்தப் போனாள். டேனியல் அவள் கையைப் பிடித்தான். "இருங்க. அம்மா இன்னும் முடிக்கலை."

கடைசியில் மிஸஸ் ஹானே, "போதும்," என்றாள்.

"கடைசியில பேசாம இருக்கற பகுதியை வெட்டிடலாமா, பாட்டி?"

"தொடாதே. அது அவ பேசறதுக்கு."

கிரேஸ் போன பிறகு டேனியல் அடுப்படிக்குப் போய், தங்கை பெயருக்கு வைத்த அந்தக் கிண்ணத்தைக் கழுவி, சாப்பாட்டுப் பாத்திரங்களோடு சேர்த்து அடுக்கினான். அம்மா அதைப் பார்த்தாள்.

அந்தப் பதிவு எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரில் கிடக்கிறது. வாங்கிக்கொள்ள வடக்கே யாரும் கை நீட்டவில்லை. கொடுக்கச் சொல்லி இங்கேயும் யாரும் மேசையைத் தட்டவில்லை. தாய் செத்த நாளைக் கேட்க ஒரு கிழவி கள்ளக்கடத்தல் செய்கிற மாதிரி வார்த்தையை ஒளித்து அனுப்ப வேண்டியிருக்கிறது. இதைச் செய்துவிட்டு மனித உரிமை பற்றிக் கூட்டம் போடுகிறவர்களை என் ஷிஃப்டில் ஒரு நாள் நிற்க வைக்க வேண்டும்.

முன்பெல்லாம் மிஸஸ் ஹான் பொட்டாசியம் மாத்திரையை வாயில் ஒதுக்கி வைத்து, நான் திரும்பியதும் துப்பிவிடுவாள். பெரிய மாத்திரை, தொண்டையில் உரசும். இப்போது நான் நீட்டும் முன்பே கை நீட்டுகிறாள்.

"என்ன திடீர்னு நல்ல பிள்ளை ஆயிட்டீங்க?"

தண்ணீரைக் குடித்து, முகத்தைச் சுளித்து விழுங்கினாள். "பதில் வந்தா கேக்க ஆள் வேணாமா? நடக்க வைக்கணும்னியே, எழுப்பு."

எழுப்பினேன்.