கீறல் விழாமல் பெயர் கழற்றுவது

காரில் இருக்கும் பெயரைப் பெயின்ட் உரியாமல் கழற்றுவது என்ன பெரிய வேலை என்று கேட்பவர்கள் இதைப் படிக்க வேண்டாம்; நகம் பிய்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, "கடவுளே, கடவுளே" என்று ஒரு பித்தளை எழுத்தை நெம்பியிருக்கும் சகபாவிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

சீட்டு

ஜப்பான்காரன் காலம். மலாக்காவில் காஜா பெராங் சாலையோரத்துப் பட்டறை ஒன்றில் நானும் காசிம் பாயும் வேலை பார்த்தோம். ராணுவம் ஊரில் பிடுங்கிய கார்களெல்லாம் எங்களிடம் வந்து நிற்கும். முகப்பில் இருக்கும் வெள்ளைக்காரன் சின்னம், பக்கவாட்டில் ஓடும் வெள்ளிப் பட்டை, பின்னால் இருக்கும் பெயர், எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்பது உத்தரவு. ஆனால் உடம்பில் ஒரு கீறல் விழக்கூடாது. விழுந்தால் பூசுவதற்கு ஊரில் ஒரு சொட்டுப் பெயின்ட் கிடையாது.

எங்கள் இருவர் பெயரையும் எழுதிய சீட்டு ஒன்று இருந்தது. அது கையில் இருக்கும்வரை எங்களைக் காட்டில் தண்டவாளம் போடும் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப் போக மாட்டார்கள். மாதத்துக்கு ஒருமுறை ஜப்பான் அதிகாரி வந்து வேலையைப் பார்த்து அதில் முத்திரை குத்துவார். எதிர்வீட்டு ராமசாமி அந்த ரயிலுக்குப் போனவன்தான், ஒரு கடுதாசிகூட வரவில்லை. என் வீட்டிலோ மனைவி பார்வதிக்கு ஆறு மாசம். முதல் நாளே அதிகாரி ஒரு கார் கதவை விரலால் தடவிக்கொண்டே, தெரிந்த மலாயில் சொன்னார்: "ஒரு கீறல். ரெண்டு பேரும் ரயில்."

நூல்

சின்னத்தை உள்பக்கம் திருகாணி போட்டு இறுக்கியிருப்பார்கள். திருகாணியைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் என்று நினைத்தால் தொலைந்தோம். பல வருஷத்து மெழுகும் தூசியும் சேர்ந்து அது பெயின்டோடு ஒட்டிக் கிடக்கும். இழுத்தால் பெயின்டும் கூடவே வந்துவிடும். முதலில் வெந்நீர்த் துணியை மேலே போட்டு வைப்போம். பிறகு ஓரமெல்லாம் தேங்காய் எண்ணெய் விட்டுக் காத்திருப்போம். கடைசியில் சின்னத்துக்குப் பின்னால் ஒரு நூலைக் கொடுத்து, இரண்டு கையாலும் இப்படியும் அப்படியுமாக மெல்ல அறுத்துக்கொண்டே வர வேண்டும். பட்டைகளை நெம்புவதற்குக் காசிம் பாய் தன் பீவியின் எருமைக்கொம்புச் சீப்பைக் கொண்டுவந்திருந்தார். மத்தியான வெயில், எண்ணெய் வாசனை, நூலின் "சர்ர், சர்ர்" சத்தம். எனக்குக் கண் சொக்கும். தூங்குகிற குழந்தை கையிலிருந்து பொம்மையை எடுக்கிறோம் என்று தோன்றும்.

ஒருநாள் நூல் தீர்ந்துபோய், காசிம் பாய் எங்கேயோ ஒரு கண்டு வாங்கிவந்தார். பட்டம் விடுகிற நூல். மலாக்காவில் பட்டம் அறுக்கும் போட்டிக்குக் கண்ணாடித் தூளும் பசையும் பூசிய நூல் விற்பார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அந்த நேரத்தில் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. சின்னத்துக்குப் பின்னால் கொடுக்கப்போகிற சமயத்தில் இறுக்கிப் பிடித்தேன், சுள்ளென்றது. விரலில் ரத்தம். இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் பெயின்ட் கந்தல், நாங்கள் ரயில். காசிம் பாய் என் விரலைத் துணியால் சுற்றிக்கொண்டே சொன்னார்: "விடுப்பா, கிழிஞ்ச தோலு தானா வளரும். பெயின்டு வளருமா?"

டாக்டர்

பண்டார் ஹிலிரிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். சைக்கிளில் வந்தார், பாவம். கரும்பச்சைக் கார் ஒன்று உள்ளே நின்றது. போன வருஷம்வரை அது அவருடையது. அன்று காலையில்தான் அதன் பெயரைக் கழற்றியிருந்தோம். கழற்றிய சின்னத்தை எடுத்துக் கொடுக்கட்டுமா என்று கண்ணால் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

பெயர் இல்லாத காரைப் பார்த்துக்கொண்டு வெயிலிலேயே நின்றார். எனக்கும் அது யாரோ சொப்பனத்தில் கண்ட கார் போலத்தான் இருந்தது. பழகிய முகம், ஆனால் பேர் வாயில் வரவில்லை. சைக்கிளில் ஏறும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "வலது பக்கம் திருப்பினா லேசா முனகும் தம்பி. பழுதுன்னு நெனச்சு அடிக்கப் போறாங்க, சொல்லி வை."

நிழல்

அந்தக் கரும்பச்சைக் கார்தான் எங்களைப் படுத்தியது. வெயில் பட்டு உடம்பெல்லாம் வெளுத்திருக்க, பெயர் எழுத்துகள் இருந்த இடம் மட்டும் கடையில் வாங்கிய அன்றைய நிறத்தில் பளிச்சென்று இருந்தது. பித்தளையைக் கழற்றிவிட்டோம், நிழலைக் கழற்ற முடியவில்லை. பத்தடி தூரத்திலிருந்தே கம்பெனிப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். அதிகாரி படித்தார். அடுத்த தடவை வரும்போது அது இருந்தால் முத்திரை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தேய்த்தால் பெயின்ட் போகும், தேய்க்காவிட்டால் நாங்கள் போவோம்.

யோசித்து யோசித்து, வெயில் வெளுத்ததை வெயிலையே கேட்போம் என்று முடிவு செய்தோம். காரை வாசலில் தள்ளி நிறுத்தி, முழுசும் மெங்குவாங் என்கிற தாழையோலைப் பாயால் மூடி, எழுத்து இருந்த இடத்துக்கு நேரே மட்டும் அதே வடிவத்தில் பாயை வெட்டித் திறந்துவிட்டோம். பக்கத்திலேயே உட்கார்ந்து மேகம் பார்ப்பதுதான் ஒரு மாதம் என் உத்தியோகம். மரவள்ளிக்கிழங்கு தின்ற வயிறு, உட்கார்ந்தால் தூக்கம். எழுத்துகள் ஒவ்வொன்றாக இறங்கி சாலையைக் கடந்து நடந்து போவதாகக் கனவு வரும். விழித்துப் பார்த்தால் அங்கேயே இருக்கும், சண்டாளம்! ஆனால் நாளுக்கு நாள் மங்கியது. மழை தூறினால் ஓடிவந்து மூடுவோம். பார்வதிக்கு நாள் நெருங்கிவிட்டது. சாப்பாடு கொண்டுவந்தவள் என்னையும் பாயையும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஊரெல்லாம் அரிசி இல்லாம அலையுது, நீங்க காருக்கு வடாம் காயப் போடுறீங்களாக்கும்?"

கீறல்

அதிகாரி வந்தார். பாயை எடுத்தோம். எனக்கு நிழல் தெரியவில்லை. ஆனால் ஆசையில் பார்க்கிற கண்ணை நம்ப முடியுமா? அவர் தள்ளி நின்று பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார். பிறகு மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்தார். இடுப்பில் நீள வாள். குனிந்தபடியே திரும்பினார் பாருங்கள், உறையின் இரும்பு நுனி முன்சக்கரத்து மட்கார்டில் "க்ரீச்" என்று இழுத்தது. ஒரு சாண் நீளம், வெள்ளைவெளேரென்று.

உறை நுனியில் பச்சைத் தூள் ஒட்டியிருந்ததை மூன்று பேரும் பார்த்தோம், மூன்று பேரும் பார்க்காத மாதிரி நின்றோம். யார் செய்தது என்று அவரிடம் யார் சொல்வது? எனக்கு ரயிலே கண்முன் வந்துவிட்டது. காசிம் பாய் இடுப்பை வளைத்துக் கும்பிட்டு மலாயில் சொன்னார்: "துவான், இது பழைய கீறல். கார் வரும்போதே இருந்தது."

அதிகாரி கீறலைப் பார்த்தார். வாளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு நிழல் பேச்சையே எடுக்காமல் சீட்டை வாங்கி, முத்திரையை வழக்கத்தைவிட அழுத்திக் குத்திவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "பழசு. ரொம்பப் பழசு."

ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று ராப்பகலாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தோம், கடைசியில் அந்த மாதம் எங்களைக் காப்பாற்றிக் கொடுத்ததும், பத்தாம் நாள் பிறந்த என் மகளை நான் கையில் வாங்கியதும் ஒரு சாண் நீளக் கீறல் புண்ணியத்தில்தான்.